ஒரு மணி நேரம் கழித்து உருவப்படும் வாள்

குன்னூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சார், கிங் ஹூ எடுத்த 'எ டச் ஆஃப் ஸென்' படத்தை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பார்த்தோம். வாள் சண்டைப் படங்களுக்கெல்லாம் மூத்த படம் என்று சொல்லித்தான் பார்க்க உட்கார்ந்தோம். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஒரு சண்டை கிடையாது. ஒருத்தன் தூங்கிவிட்டான். மூங்கில் காட்டுச் சண்டை பிரமாதம். ஆனால் கடைசியில் சாமியார் உடம்பிலிருந்து பொன் வழிகிறது, அத்தோடு படம் முடிந்துவிடுகிறது. இது சண்டைப் படமா, கலைப் படமா? எப்படிப் பார்த்தால் பிடிபடும்?"

தம்பி, உங்கள் நண்பர் தூங்கியதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் தடவை எனக்கும் பிடிபடவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய டிவிடி கிடைத்தது. இரவுக் காட்சிகள் எல்லாம் ஒரே கறுப்பு. யார் யாரை வெட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை. பாதியில் எழுந்து போய்விட்டேன். பிறகு படத்தைச் சுத்தம் செய்து 4கே தரத்தில் புதுப்பித்தார்கள். 2015-இல் பிரான்ஸில் நடக்கும் கான் திரைப்பட விழாவில் அந்தப் பிரதியைத் திரையிட்டார்கள். அது கைக்கு வந்ததும் மறுபடி உட்கார்ந்தேன். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிறேன். கோத்தகிரியில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் படம் எனக்குத் திறந்துகொண்டது ஓவியம் வழியாகத்தான். அதனால் அந்த வழியாகவே சொல்கிறேன்.

முதலில் படம் உருவான கதையைச் சுருக்கமாக. கிங் ஹூ 1932-இல் பெய்ஜிங்கில் பிறந்து, 1949-இல் ஹாங்காங் வந்தவர். படம் வரைவது, செட் அமைப்பது, நடிப்பது என்று பல வேலை பார்த்துவிட்டு இயக்குநர் ஆனார். 1967-இல் தைவானில் அவர் எடுத்த 'டிராகன் இன்' பெரிய வெற்றி. அந்த வெற்றி கொடுத்த தைரியத்தில் 1968-இல் இந்தப் படத்தைத் தொடங்கினார். முடிக்க மூன்று வருஷம் ஆனது. தைவானில் இரண்டு பாகமாக வெளிவந்தது, ஓடவில்லை. ஹாங்காங்கில் 1971-இல் வெட்டிச் சுருக்கி ஒரே படமாகப் போட்டார்கள், அங்கேயும் ஓடவில்லை. அதே ஆண்டில்தான் புரூஸ் லீயின் முதல் பெரிய படம் 'தி பிக் பாஸ்' ஹாங்காங்கைக் கலக்கியது. இதில் ஒரு விசேஷம் உண்டு. அந்தப் படத்தில் புரூஸ் லீயோடு கடைசியில் மோதும் வில்லன் ஹான் யிங் சியே. இந்தப் படத்துக்குச் சண்டை அமைத்தவரும் அவர்தான். இதிலும் கடைசியில் வரும் கொடிய தளபதி ஷூ வேஷம் அவருடையது. ஒரே மனிதர் ஒரே ஆண்டில் இரண்டு காலங்களின் சந்தியில் நின்றிருக்கிறார். ஜனங்கள் முஷ்டிச் சண்டை பக்கம் போய்விட்டார்கள். இந்தப் படம் நான்கு வருஷம் காத்திருந்து, 1975-இல் கான் விழாவில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாத நீளத்தில் திரையிடப்பட்டு, தொழில்நுட்பத்துக்கான பெரிய பரிசை வாங்கியது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் இறங்கினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு நாள் காலை ஆறரை மணிக்குப் பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. முதலில் ஒரு மூச்சு கேட்டது, புஸ்ஸென்று, கனமாக. நின்றுவிட்டேன். இடது பக்கம் தேயிலைச் செடிகளுக்கு மேலே ஒரு கறுத்த முதுகு விளிம்பு தெரிந்து மறைந்தது. பனி மூடிக்கொண்டது. அப்புறம் பாதையின் குறுக்கே நான்கு வெள்ளைக் கால்கள். காட்டெருமைக்கு முழங்காலுக்குக் கீழே காலுறை போட்டது போல வெள்ளையாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். கால்கள் மட்டும் கடந்தன. உடம்பு தெரியவே இல்லை. சில்வர் ஓக் மரத்தில் கொம்பு உரசும் சத்தம் ஒன்று. அவ்வளவுதான்.

அது போன பிறகு, சத்தமெல்லாம் அடங்கிய பிறகு, முழு மிருகமும் என் மனதில் எழுந்து நின்றது. சாலையோரத்தில் வெயிலில் காட்டெருமை மேய்வதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். இந்த அளவுக்குப் பெரிதாக ஒரு தடவையும் பார்த்ததில்லை.

கிங் ஹூ சண்டை எடுத்தது இப்படித்தான். முழுசாகக் காட்டமாட்டார். ஒரு விளிம்பு, ஒரு கால், ஒரு சத்தம். மீதியை நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். படத்தின் முதல் ஒரு மணி நேரமும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. சண்டையைக் காட்டும் முறையும் கதையைச் சொல்லும் முறையும் இந்தப் படத்தில் ஒன்றே. இது பிடிபட்டால் 'சண்டைப் படமா, கலைப் படமா' என்ற கேள்விக்கே வேலை இல்லாமல் போய்விடும்.

முதல் மணி நேரத்தில் என்னதான் நடக்கிறது? படம் இருட்டில் ஒரு சிலந்தி வலையோடு தொடங்குகிறது. சிலந்தி, அதில் மாட்டிய பூச்சி. அப்புறம் விடிகிறது, மலை, மூட்டம், நாணல் மண்டிய ஒரு பாழடைந்த கோட்டை. அதன் பக்கத்தில் கூ என்ற ஓர் ஏழைப் படிப்பாளி, தன் அம்மாவோடு குடியிருக்கிறான். சந்தையில் கடை போட்டு ஆட்களை உட்கார வைத்து உருவப்படம் வரைவான், கடிதம் எழுதித் தருவான். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பரீட்சை எழுதி அரசாங்க வேலைக்குப் போ, ஒரு கல்யாணம் பண்ணிக்கொள் என்று அம்மா காலையும் மாலையும் புலம்புகிறாள். நம் வீட்டுக் கூடத்தில் நடப்பது மாதிரியே இருக்கும்.

ஒரு நாள் வெளியூர்க்காரன் ஒருவன் தன்னை வரையச் சொல்லிக் கடையில் வந்து உட்காருகிறான். இந்தக் காட்சியைக் கவனியுங்கள். அவன் முகம் ஓவியனுக்கு, கண் தெருவுக்கு. அவன் படம் வரைந்துகொள்ள வந்தவனே இல்லை. யாரையோ தேடி வந்த ஒற்றன். வரைகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஒருவர் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது மரியாதைக் குறைவு ஆகாது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு உருவப்படம் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் சொல்கிறேன், பத்து நிமிஷம் ஒரு முகத்தை வரைந்தால் அந்த ஆள் எதை மறைக்கிறான் என்று கை கண்டுபிடித்துவிடும். கூவுக்கும் அந்த வெளியூர்க்காரனிடம் ஏதோ சரியில்லை என்று படுகிறது.

அங்கிருந்து படம் முழுக்கப் பார்ப்பதைப் பற்றியதுதான். எதிரே குடிவந்த பெண் யார்? பார்வையற்ற ஜோசியருக்கு உண்மையிலேயே பார்வை இல்லையா? புதிதாக வந்த மூலிகை வைத்தியர் யார்? இரவில் கோட்டைக்குள் என்ன சத்தம்? கூ நாணலை விலக்கி விலக்கிப் பார்க்கிறான். நாமும் அவனோடு விலக்கிப் பார்க்கிறோம். மூங்கில் காட்டுச் சண்டைக்கு வரும்போது நம் கண் பழகியிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஒரு மணி நேரப் பயிற்சி. அவசரப்பட்டு ஓட்டிவிட்டுச் சண்டையை மட்டும் பார்த்தால் அது வெறும் குதியாட்டமாகத் தெரியும்.

அந்தப் பெண்ணின் பெயர் யாங். மிங் அரச காலத்து நேர்மையான அதிகாரி ஒருவரின் மகள். அரண்மனையைக் கையில் வைத்திருந்த வெய் என்ற அண்ணகரின் (ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனை ஊழியரின்) அக்கிரமத்தை அரசரிடம் சொல்ல முயன்றதால் அப்பாவைச் சித்திரவதை செய்து கொன்றுவிட்டார்கள். குடும்பத்தையே பூண்டோடு அழிக்க ரகசியப் போலீஸ் துரத்துகிறது. ஜோசியரும் வைத்தியரும் அவளுக்குத் துணையாக நிற்கும் தளபதிகள். இந்தக் கதையின் விதை பூ சொங்லிங் எழுதிய பழைய சீனக் கதை ஒன்று. யாங்காக நடித்த ஷூ ஃபெங்குக்குப் படப்பிடிப்பு தொடங்கியபோது இருபது வயதுகூட ஆகவில்லை. முகத்தில் ஒரு கோடு அசையாமல் நிற்பார். பிற்காலத்தில் இவரே தயாரிப்பாளராகி, 1993-இல் கான் விழாவின் முதல் பரிசான தங்கப் பனை வாங்கிய படத்தைத் தயாரித்தார். நான் சொன்ன புதுப்பித்த பிரதிக்கும் பணம் போட்டவர் இவர்தான். தான் இளம்பெண்ணாக நடித்த படத்தை முதிய வயதில் காப்பாற்றித் தந்திருக்கிறார். அதை நினைக்கும்போதெல்லாம் அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

இப்போது சண்டை.

கிங் ஹூவுக்குத் தற்காப்புக் கலை தெரியாது, அதை அவரே சொல்லியிருக்கிறார். அவர் சண்டைகள் பெய்ஜிங் மேடை நாடகத்திலிருந்து வந்தவை. அங்கே சண்டை என்பது தாளத்துக்கு அமைத்த ஆட்டம். ஹான் யிங் சியேவும் அந்த மேடையில் தேறியவர். சண்டை தொடங்கும்போது பின்னால் மரக்கட்டைத் தாளமும் சேகண்டி மாதிரியான ஓசையும் கேட்குமே, அது அந்த மேடையின் தாளம். வாள் மோதுவதற்கு முன் ஒரு நிற்றல் இருக்கும், எல்லாரும் சிலையாக, கண் மட்டும் நகரும். தாளம் விழுந்ததும் உடம்பு நகரும்.

நான் பிறந்தது வந்தவாசிப் பக்கம், வேலைக்காக மலையேறியவன். சின்ன வயதில் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்திருக்கிறேன். துரியோதனன் வேஷம் வரும் நேரத்தில் இரண்டு பேர் குறுக்கே ஒரு திரையைப் பிடித்துக்கொள்வார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். கீழே சலங்கை கட்டின கால் மட்டும் தெரியும். உள்ளேயிருந்து பாட்டு. மிருதங்கம் உச்சத்துக்குப் போகும். கிரீடம் ஆடும், கால் தரையை உதைக்கும், திரை மட்டும் விலகாது. ஊரே எழுந்து நிற்கும். திரை விலகினால் நமக்குத் தெரிந்த ஆள்தான், பக்கத்து ஊர்க்காரர். ஆனால் அந்தக் கணத்தில் அவர் பூமியை ஆளும் ராஜா. அவரை ராஜாவாக்கியதில் பாதி வேலை அந்தத் திரையுடையது.

கிங் ஹூவிடம் அந்தத் திரையின் வேலையை நாணல் செய்கிறது, மூங்கில் செய்கிறது, புகை செய்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே எடிட்டிங் செய்கிறது. ஆள் தாவுவதை அவர் எப்படிக் காட்டுகிறார் என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முதல் ஷாட்டில் தரையிலிருந்து கால் எழும்பும். அதைச் செய்ய ஒளித்து வைத்த டிரம்பொலின், அதாவது குதித்தால் மேலே எறியும் துள்ளுமேடை, இருக்கும். அடுத்தது காற்றில் துணி பறப்பது. அடுத்தது இறங்கிய பிறகு முகம். நடுவில் அவர் எங்கே எவ்வளவு தூரம் பறந்தார் என்பதை எந்த ஷாட்டும் சொல்லாது. சில ஷாட்டுகள் ஒரு நொடியில் பாதிகூட நிற்பதில்லை. கண் பிடிப்பதற்குள் போய்விடும். அந்த மனிதர் நம் கண்ணைவிட வேகமானவர் என்று நமக்குத் தோன்றுவது அதனால்தான். இன்றைக்குக் கம்பியில் தொங்கவிட்டு, கணினியில் கம்பியை அழித்து, ஒருவரைப் பத்து நொடி வானத்தில் மிதக்கவிடுகிறார்கள். எல்லாம் தெரிகிறது. ஆனால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

மூங்கில் காட்டுக்கு வருவோம். திரையில் பத்து நிமிஷம் ஓடும் அந்தச் சண்டையை எடுக்க 25 நாள் ஆனதாகச் சொல்வார்கள். நீங்கள் பர்லியார் இறக்கத்தில் பஸ்ஸில் போகும்போது மூங்கில் பார்த்திருப்பீர்கள். நம் அடிவாரத்து மூங்கில் முள் மூங்கில், குத்துக் குத்தாக வளரும். ஒரு குத்துக்குள் கையை விட்டால் கிழித்துவிடும், ஆள் நுழைய முடியாது. அங்கே வேறு ஜாதி. வேர் தரைக்கடியில் ஓடி, ஒவ்வொரு கழியும் தனித்தனியாக எழும்பும். தூண் மண்டபம் மாதிரி நிற்கும். ஆள் நடுவில் ஓடலாம். ஓடும்போது ஒவ்வொரு கழியும் அவரை ஒரு கணம் மறைத்து, ஒரு கணம் காட்டும். மேலே இலைப் பந்தல், அதைத் துளைத்து வெயில் கம்பி கம்பியாக இறங்குகிறது. காலையில் கற்பூர மரத் தோப்பில் பனி கலையும்போது வெயில் இறங்குமே, அது மாதிரி.

அந்த இடத்தில் நான்கு பேர். யாங்கும், ஜோசியராக வேஷம் போட்டிருந்த தளபதி ஷியும் ஒரு பக்கம், ரகசியப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் எதிரே. எதிரிகள் பலசாலிகள், நேருக்கு நேர் நின்றால் ஜெயிக்க முடியாது. அப்போதுதான் அவள் மேலே ஏறுகிறாள். கழியில் கால் வைத்து உந்தி உந்தி உச்சிக்குப் போய், அங்கிருந்து வாளை முன்னே நீட்டித் தலைகீழாக நேரே இறங்குகிறாள். மீன்கொத்தி குளத்தில் விழுவது மாதிரி. அந்த இறக்கம் துண்டு துண்டான பல ஷாட்டுகள். கீழிருந்து மேலே பார்ப்பது ஒன்று, இலை ஒன்று, உடம்பு ஒன்று. ஒட்டிப் பார்த்தால் மூங்கில் இருக்க வேண்டிய உயரத்தைவிட அதிக உயரம் வருகிறது. அதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. என் கணக்கில் உலக சினிமாவின் மிகச் சிறந்த பத்து நிமிஷங்களில் இது ஒன்று. இயக்குநர் ஆங் லீ 2000-இல் 'கிரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்தில் மூங்கில் உச்சியில் ஆட்களை நிற்க வைத்துச் சண்டை எடுத்தாரே, அந்தக் காட்சி கிங் ஹூவுக்குச் செய்த வணக்கம்.

உங்களுக்குப் பிடித்தது மூங்கில் காடு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு வரும் ஒரு காலை. அங்கேதான் இந்தப் படம் என்னைப் பிடித்துக்கொண்டது.

கூவுக்கு வாள் பிடிக்கத் தெரியாது. ஆனால் போர் தந்திரப் புத்தகங்கள் படித்தவன். இருநூறு பேருடன் எதிரி வருகிறான் என்றதும் யோசனை சொல்கிறான். கோட்டையில் பேய் இருப்பதாக ஊரெல்லாம் ஏற்கெனவே பேச்சு. அந்த வதந்தியை ஊதிப் பெரிதாக்கி, எதிரிகளை இரவில் கோட்டைக்குள் வரவழைத்து, பொம்மைகள், இழுத்துவிடும் பொறிகள், விநோதமான சத்தங்கள் என்று பயமுறுத்தி, பயந்து சிதறும்போது அடிப்பது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் சொல்வதை அப்படியே போர்த் திட்டமாக்கிவிட்டான். திட்டம் பலிக்கிறது. இரவெல்லாம் சண்டை.

விடிகிறது. கூ தனியாகக் கோட்டைக்குள் நடந்து வருகிறான். தான் செய்து வைத்த பொம்மைகளைப் பார்க்கிறான், பொறிகளைத் தொட்டுப் பார்க்கிறான். சிரிக்கிறான். முதலில் புன்னகை, அப்புறம் வாய்விட்டு, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. இத்தனை பெரிய படையை ஒரு பட்டிக்காட்டு ஓவியன் பொம்மையை வைத்தே ஜெயித்துவிட்டான் இல்லையா? அந்தச் சிரிப்பில் நமக்கும் பங்கு உண்டு. இரவெல்லாம் ரசித்தவர்கள் நாமும்தான். அவன் நடந்துகொண்டே இருக்கிறான், கேமராவும் கூடவே போகிறது. ஒரு மூலை திரும்பியதும் பிணங்கள். ஒன்று, இரண்டு, பத்து. வாசல் முழுக்க. சிரிப்பு தொண்டையில் நிற்கிறது. அவன் முகத்தைப் பாருங்கள். வரைபடத்தில் புள்ளிகளாக வைத்து நகர்த்தினானே, அந்தப் புள்ளிகளுக்கு முகம் இருக்கிறது, திறந்த வாய் இருக்கிறது. புத்தத் துறவிகள் வந்து, நண்பன் எதிரி பார்க்காமல், பிணங்களை எடுத்து அடக்கம் செய்கிறார்கள். அவன் அவளைத் தேடி ஓடுகிறான். அவள் போய்விட்டாள்.

சண்டைப் படங்கள் ஆயிரம் வந்திருக்கலாம். ஜெயித்தவனை மறுநாள் காலை அதே களத்தில் நடக்கவிட்ட படங்கள் குறைவு. அதுவும் ரசிகனையும் சேர்த்து நடக்கவிட்ட படம் எனக்குத் தெரிந்து இதுதான். இதற்கு மேல் படம் வேறு பாதையில் போவதும் இங்கிருந்துதான். வாளால் முடிக்க முடிந்தது இவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டது. இனி என்ன? அதனால்தான் கதை மடத்துக்குப் போகிறது.

முடிவைக் கேட்டீர்கள். யாங் துறவியாகிவிடுகிறாள். கூவுக்கும் அவளுக்கும் பிறந்த குழந்தையை அவனிடமே சேர்ப்பித்துவிடுகிறாள். மடத்தின் தலைவர் ஹுய் யுவான். ராய் சியாவ் என்ற நடிகர். இவர் சண்டை போடுவதே இல்லை என்று சொல்லலாம். கை நீட்டுவார், எதிரி விழுவான். வெயில் எப்போதும் அவர் பின்னாலிருந்தே அடிக்கும். தளபதி ஷூ மனம் திருந்தியதுபோல நடித்து, குனிந்து, கத்தியால் குத்துகிறான். காயத்திலிருந்து வழிவது ரத்தமா பொன்னா? குத்தியவனுக்குப் புத்தி கலங்கிவிடுகிறது, நிறங்கள் தலைகீழாகின்றன, மலையும் வானமும் நெகட்டிவ் ஃபிலிம் மாதிரி ஆகின்றன. தலைவர் காயத்தோடு மேலே ஏறிப் பாறை உச்சியில் அமர்கிறார். தலைக்குப் பின்னால் சூரியன், ஒளிவட்டம் போல. உடம்பு வெறும் நிழலுருவம். கீழே காயம்பட்டுக் கிடக்கும் யாங் அவரைக் கை நீட்டிக் காட்டுகிறாள்.

அது என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டால், அர்த்தத்துக்கு முன்னால் ஓவியத்தைப் பாருங்கள் என்பேன். வகுப்பில் பனியை வரையச் சொன்னால் பிள்ளைகள் முதலில் வெள்ளை பெயின்ட்டைத்தான் எடுப்பார்கள். பூசப் பூசச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். பெயின்ட்டைக் கீழே வை, அந்த இடத்தில் காகிதத்தைத் தொடாமல் விட்டுவிடு, சுற்றியிருக்கும் மரத்தை மட்டும் வரை என்பேன். செய்து பார்த்துவிட்டு அவர்களே ஆச்சரியப்படுவார்கள், வரையாத இடத்தில் பனி நிற்கும். பழைய சீன மலை ஓவியங்களின் பெரிய ரகசியம் இதுதான். பாதித் தாள் வெறுமையாக இருக்கும், அங்கேதான் மேகமும் நீரும் தூரமும் இருக்கும். கிங் ஹூ கடைசிக் காட்சியில் அந்தத் துறவியை அப்படி வரையாமல் விட்டுவிட்டார். முகம் இல்லை, வசனம் இல்லை, விளக்கம் இல்லை. சுற்றியிருக்கும் மலையும் வெயிலும் மட்டும். மூன்று மணி நேரம் நாணலை விலக்கி விலக்கிப் பார்த்த நமக்கு, விலக்க முடியாத ஒரு வெளிச்சத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஸென் என்ற சொல் நமக்கு அந்நியமும் இல்லை. நாம் தியானம் என்கிறோமே, அது சீனத்தில் சான் என்றாகி, ஜப்பானில் ஸென் ஆனது. ஆனால் சீனத் தலைப்பில் அந்தச் சொல்லே கிடையாது. 'சியா நூ', வீரப்பெண் என்றுதான் பெயர். வெளிநாட்டுத் தலைப்பை வைத்துத் தத்துவம் தேடிப் போனால் வழி தப்பும். அவளைப் பின்தொடர்ந்து போனால் சரியான இடத்தில் கொண்டுபோய் விடும்.

குறையே இல்லாத படம் என்று சொல்லமாட்டேன். கடைசி முக்கால் மணி நேரத்தில் கூ கிட்டத்தட்டக் காணாமல் போகிறான். முதல் பாதி முழுக்க அவன் கண்ணால் பார்த்துவிட்டு, அவன் இல்லாமல் மலைக்குப் போவது ஒரு வெறுமையைத் தருகிறது. இயக்குநர் வேண்டுமென்றே செய்திருக்கலாம், இருந்தாலும் எனக்கு அவனும் அவன் அம்மாவும் இன்னும் கொஞ்சம் வேண்டும். ஷூவோடு நடக்கும் சண்டை நீளம். அது தைவானின் தாரோகோ பள்ளத்தாக்கு, இடம் அபாரம், ஆனால் ஐந்து நிமிஷம் குறைத்திருக்கலாம்.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் சில விஷயங்கள். புதுப்பித்த பிரதியாகப் பார்த்து எடுங்கள். பழைய பிரதியில் கோட்டை இரவு வெறும் கறுப்பு. போனில் வேண்டவே வேண்டாம். ஜன்னல்களுக்குப் போர்வை போட்டு அறையை இருட்டாக்கிவிடுங்கள், இந்த மழைக்காலத்தில் அது சுலபம். சத்தத்தைக் குறைக்காதீர்கள், தாளம் காதில் விழ வேண்டும். ஒரே மூச்சில் முடியவில்லை என்றால் இரண்டு இரவாகப் பாருங்கள். அது தப்பே இல்லை, தைவானில் இரண்டு பாகமாகத்தான் வந்தது. மூங்கில் காட்டோடு முதல் பாகம் முடிந்து, இரண்டாம் பாகம் அதே சண்டையை மறுபடி காட்டித்தான் தொடங்கியது. நீங்களும் மூங்கில் காட்டில் நிறுத்திவிட்டுத் தூங்குங்கள். மறுநாள் அதையே மறுபடி போட்டுத் தொடங்குங்கள். இரண்டாம் தடவை பார்க்கும்போது அவள் இறங்குவதைப் பார்க்காமல், இறங்குவதற்கு முன்னால் மேலே இலைகள் அசைவதைப் பாருங்கள்.

தூங்கிய நண்பரையும் கூப்பிடுங்கள். அவரைப் படத்தின் தொடக்கத்திலிருந்து உட்கார வைக்க வேண்டாம். கூ சிரித்துக்கொண்டே நடக்கும் அந்தக் காலையை மட்டும் முதலில் போட்டுக் காட்டுங்கள். அவன் ஏன் சிரிக்கிறான், எதைப் பார்த்து நிறுத்தினான் என்று அவரே கேட்பார். கேட்டதும் படத்தை முதலிலிருந்து, சிலந்தி வலையிலிருந்து போடுங்கள்.